ஷோகேஸில் இருக்கும் பழைய பீங்கான் நாய்க்குட்டிக்கு என்ன விலை? பதில் சொல்லும் கெண்ட்லரின் வாழ்க்கைக் கதை

நவராத்திரி வந்தால் பல வீடுகளில் பரண் பெட்டி கீழே இறங்கும். தசாவதாரம், செட்டியார் பொம்மை எல்லாவற்றுக்கும் நடுவில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீங்கான் நாய்க்குட்டியோ, அன்னமோ, கழுத்து வளைத்த குதிரையோ இருக்கும். தாத்தா காலத்தில் வந்தது என்பதைத் தவிர அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அடியில் நீல நிறத்தில் இரண்டு கோடுகள் குறுக்காகப் போட்டிருந்தால் போதும், இன்டர்நெட்டில் தேடி, இது பல லட்சம் பெறும் என்று முடிவே கட்டிவிடுவார்கள். இன்னொரு பக்கம், பழைய சாமான் வாங்குபவரிடம் நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு.

இரண்டு தரப்புமே ஏமாற வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று புரிய, 18-ம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாழ்ந்த ஒரு சிற்பியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் யோஹான் யோவாகிம் கெண்ட்லர். ஐரோப்பாவில் பீங்கான் விலங்கு பொம்மை ஒரு கலையாக வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் அவர்தான். இன்று உலகம் முழுக்க ஷோகேஸ்களில் இருக்கும் பல விலங்கு பொம்மைகள், அவர் செய்த உருவங்களின் வாரிசுகள் அல்லது நகல்கள்.

பீங்கானுக்கு ஏன் அவ்வளவு மவுசு?

பீங்கான் சீனர்களின் கண்டுபிடிப்பு. தமிழகக் கடற்கரைக்கு அது புதிதல்ல. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நம்மூர்த் துறைமுகங்களுக்குச் சர்வசாதாரணமாக வந்துபோன இந்தப் பொருளின் ரகசியம் ஐரோப்பாவுக்கு மட்டும் பல நூற்றாண்டுகள் பிடிபடவே இல்லை. அதனால் அங்கே அது தங்கத்துக்குச் சமம்.

ஜெர்மனியின் சாக்சனி பகுதியை ஆண்டவர் 'பலசாலி' அகஸ்டஸ். அவருக்குப் பீங்கான் மேல் இருந்தது ஆசை இல்லை, வெறி. 1717-ல் பிரஷ்ய அரசரிடம் இருந்து 151 சீனப் பீங்கான் பொருட்களை வாங்க, 600 குதிரைப்படை வீரர்களையே கொடுத்தார். இது கதை இல்லை, பதிவான வரலாறு.

அதே அகஸ்டஸ், தங்கம் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட பாட்கர் என்ற இளைஞரைப் பிடித்துக் காவலில் வைத்திருந்தார். தங்கம் வரவில்லை. ஆனால் ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து பாட்கர் செய்த சோதனைகளில் பீங்கான் பிறந்தது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்தான் அதன் சூட்சுமம். 1710-ல் மைசன் என்ற ஊரின் கோட்டையில் தொழிற்சாலை தொடங்கியது. ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கான் தொழிற்சாலை அதுதான்.

பாதிரியார் மகன் சிற்பி ஆனது எப்படி?

கெண்ட்லர் 1706 ஜூன் 15 அன்று, டிரெஸ்டன் நகருக்கு அருகில் உள்ள ஃபிஷ்பாக் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். 17 வயதில், 1723-ல், பெஞ்சமின் தோமே என்ற சிற்பியிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். கல்லும் மரமும்தான் அவருக்கு முதலில் பழக்கமான பொருட்கள். பீங்கானைப் பற்றி எதுவும் தெரியாது.

டிரெஸ்டன் அரண்மனையின் பொக்கிஷக் கூடத்துக்கான வேலைகளில் அவர் ஈடுபட்டபோது அகஸ்டஸின் கண்ணில் பட்டார். 1731-ல் மைசன் தொழிற்சாலையில் உருவங்கள் செய்யும் வேலைக்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது 25.

அங்கே அவருக்கு முன்பே கிர்ஷ்னர் என்ற சிற்பி இருந்தார். அவர் செய்த காண்டாமிருகத்தை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். உடம்பெல்லாம் இரும்புக் கவசம் போலத் தகடுகள், முதுகில் கூடுதலாக ஒரு சின்னக் கொம்பு. காரணம், கிர்ஷ்னர் உண்மையான காண்டாமிருகத்தைப் பார்த்ததே இல்லை. 1515-ல் ட்யூரர் என்ற ஓவியர் செய்த மரச்செதுக்குப் படத்தை வைத்துச் செய்தார். அந்த ட்யூரரும் நேரில் பார்த்தவர் இல்லை!

கெண்ட்லரின் வழி வேறு. மோரிட்ஸ்பர்க் என்ற இடத்தில் அரசரின் விலங்குக் கூடம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து, உயிருள்ள விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நாய் காதைச் சொறியும்போது முதுகு எப்படி வளைகிறது, ஆடு குட்டிக்குப் பால் கொடுக்கும்போது தலையை எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதெல்லாம் அவர் கைக்கு வந்தது. 1733-ல் கிர்ஷ்னர் வேலையை விட்டுப் போக, தலைமைச் சிற்பி பொறுப்பு கெண்ட்லருக்கு வந்தது. சாகும்வரை அந்தத் தொழிற்சாலையிலேயே இருந்தார்.

அரசரின் பீங்கான் மிருகக்காட்சி சாலை

அகஸ்டஸுக்கு ஒரு விபரீத ஆசை. டிரெஸ்டனில் 'ஜப்பான் அரண்மனை' என்ற மாளிகையைப் பீங்கானால் நிரப்ப வேண்டும். அதில் ஒரு பெரிய கூடம் முழுக்கப் பீங்கான் விலங்குகள், பறவைகள். அதுவும் நிஜ அளவில். நூற்றுக்கணக்கில் ஆர்டர் போட்டார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்: பொம்மை பெரிதாகப் பெரிதாக, காயும்போதும் சுடும்போதும் விரிசல் விடும் ஆபத்தும் பெரிதாகும். பீங்கானில் இது இன்னும் மோசம். சுமார் 1,400 டிகிரி வெப்பத்தில் சுடும்போது பொம்மை ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். தடிமனான உடம்பு ஒரு வேகத்திலும் மெல்லிய காது வேறு வேகத்திலும் சுருங்கினால் என்ன ஆகும்? வெடிக்கும்.

வெடித்தது. கழுகு, நாரை, பெலிகன், மயில், சிங்கம், ஆடு என்று கெண்ட்லர் செய்த பல பெரிய உருவங்களில் சூளை விரிசல்கள் வந்தன. வண்ணம் பூசி மறுபடி சூளையில் வைத்தால் மிச்சமும் போய்விடும் என்பதால், சிலவற்றுக்குச் சுடாத சாயம்தான் பூசினார்கள். பிற்காலத்தில் அந்தச் சாயம் உதிர்ந்து வெள்ளை உருவம் மட்டும் மிஞ்சியது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் கெண்ட்லர் 1732-ல் செய்த வெள்ளை ஆடு இருக்கிறது. அதன் உடம்பில் ஓடும் விரிசல்களை இன்றும் பார்க்கலாம்.

இங்கேதான் மதிப்பு பற்றிய முதல் பாடம் வருகிறது. விரிசல் இருந்தால் விலை குறையும் என்பது பொது விதி. ஆனால் சூளையிலேயே வந்த விரிசல் வேறு, கீழே போட்டு வந்த விரிசல் வேறு. முதலாவது பொம்மையின் பிறப்பு அடையாளம். மெருகுப் பூச்சு அந்த விரிசலின் உள்ளேயும் இறங்கியிருக்கும். இரண்டாவதில் விளிம்பு கூர்மையாக இருக்கும், உள்ளே அழுக்கு ஏறியிருக்கும்.

1733-ல் அகஸ்டஸ் இறந்துவிட்டார். மகன் மூன்றாம் அகஸ்டஸ் வேலையைத் தொடரச் சொன்னார். ஆனாலும் அரசரின் பீங்கான் காடு நினைத்தபடி முழுமையாகவே இல்லை. அதில் உருவான விலங்குகள் இன்று ஏலத்துக்கு வந்தால், ஒவ்வொன்றும் கோடிகளில் போகும்.

சாப்பாட்டு மேஜைக்கு வந்த குட்டி பொம்மைகள்

நம் கல்யாணச் சீர்வரிசைத் தட்டில் சர்க்கரைப் பொம்மை வைப்பது போல, ஐரோப்பிய விருந்துகளிலும் மேஜை நடுவில் சர்க்கரையில் செய்த உருவங்களை வைப்பார்கள். விருந்து முடிந்தால் அதுவும் முடிந்தது. அந்த இடத்தைக் கெண்ட்லரின் பீங்கான் பொம்மைகள் பிடித்தன. உள்ளங்கையில் அடங்கும் அளவு. விரிசல் ஆபத்து குறைவு. வண்ணம் பூசிச் சுடலாம். நாம் இன்று பீங்கான் பொம்மை என்று சொல்வது இந்த வகையைத்தான்.

மந்திரி ப்ரூல் பிரபுவுக்காக 1737 முதல் 1742 வரை அவர் குழு செய்த 'அன்னப்பறவை செட்' 2,200-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் கொண்டது. தட்டு, கிண்ணம், மூடி என்று எங்கே பார்த்தாலும் நீர் அலையும் அன்னமும்தான். 1753-ல் வந்த 'குரங்கு இசைக்குழு', கோட்டு போட்டு வயலின் வாசிக்கும் குரங்குகளின் செட். கேலியும் கிண்டலும் நிறைந்த அந்த செட்டை இன்றுவரை நகலெடுக்கிறார்கள்.

தட்டை மூக்கு 'பக்' நாய்க்குட்டிகளும் அவர் கையில் பிரபலமானவைதான். 1738-ல் போப்பாண்டவர் ஃப்ரீமேசன் சங்கத்துக்குத் தடை போட்டார். அதற்குப் பிறகு ஜெர்மனியில் சிலர் 'பக் நாய் சங்கம்' என்ற பெயரில் ரகசியக் குழு தொடங்கினார்கள். பெண்களுக்கும் அதில் இடம் உண்டு. அவர்களுக்கு இந்த நாய்க்குட்டி ஒரு அடையாளச் சின்னம். அதனால் பொம்மைக்கு ஏக டிமாண்ட்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வங்காளத்தில் வளர்க்கப்பட்டு, 1741-ல் கப்பலில் ஐரோப்பா போன கிளாரா என்ற பெண் காண்டாமிருகம், ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1747-ல் டிரெஸ்டனுக்கு வந்தது. அங்கே கெண்ட்லரும் அதைப் பார்த்து வரைந்தார். முதுகில் கொம்பு முளைத்த பழைய கற்பனை உருவத்துக்கு நிஜ விலங்கு விடை சொன்னது.

ஓவியருக்கும் சிற்பிக்கும் சண்டை

தொழிற்சாலைக்குள் எல்லாம் சுமுகமாக இல்லை. ஓவியப் பிரிவின் தலைவர் ஹெரோல்ட்டும் கெண்ட்லரும் நீண்ட காலம் மோதிக்கொண்டார்கள். ஹெரோல்ட்டுக்குப் பீங்கான் என்பது வண்ணம் தீட்டும் வழவழப்பான பரப்பு. கெண்ட்லருக்கு அது ஒரு சிற்பம். வெள்ளையே அழகு, அதிக வண்ணம் உருவத்தை மறைக்கும் என்ற பக்கம் அவர். வாங்குபவர்களோ இரண்டையும் கேட்டார்கள்.

கெண்ட்லரின் மிகப் பெரிய கனவு மூன்றாம் அகஸ்டஸுக்கான குதிரைச் சிலை. பல மீட்டர் உயரம், முழுக்கப் பீங்கான். சின்ன மாதிரி தயாரானது. முகம் வரை செய்து முடித்தார். ஆனால் 1756-ல் ஏழாண்டுப் போர் வெடித்தது. பிரஷ்யப் படை சாக்சனிக்குள் நுழைந்தது, மைசன் தொழிற்சாலை எதிரி கைக்குப் போனது. ஹெரோல்ட் ஊரைவிட்டு வெளியேறினார். கெண்ட்லர் போகவில்லை. படையெடுத்து வந்த பிரஷ்ய அரசர் ஃபிரெடெரிக்கே அவரிடம் தனக்கான சாப்பாட்டு செட்களுக்கு ஆர்டர் கொடுத்தார். கெண்ட்லர் செய்து கொடுத்தார். சூளை அணையவில்லை, தொழிலாளர்களுக்கு வேலை இருந்தது. குதிரைச் சிலை மட்டும் எழவே இல்லை.

1763-ல் போர் முடிந்தது. அடுத்த ஆண்டே பாரிஸில் இருந்து அசியே என்ற இளம் சிற்பியை அழைத்து வந்து, கெண்ட்லருக்குச் சமமான பதவியில் உட்கார வைத்தார்கள். ரசனை மாறிவிட்டது. கெண்ட்லரின் துள்ளலும் நெளிவும் பழைய ஸ்டைல் ஆகிவிட்டன. முப்பது வருடம் தனியாகக் கட்டி எழுப்பிய இடத்தில், கடைசி பத்து வருடங்கள் அவர் இருவரில் ஒருவர். 1775 ஜனவரியில் ஹெரோல்ட் இறந்தார். அதே ஆண்டு மே 18 அன்று, 68 வயதில், கெண்ட்லரும் இறந்தார்.

அவர் விட்டுச் சென்ற கணக்குப் புத்தகம்

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, இயங்கியதும், மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் கொடுத்ததும், இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களும் அதிலிருந்துதான் தெரியவருகிறது. அந்த மருத்துவமனைக் கட்டடம் இன்று இல்லை. எழுதி வைத்ததால் விவரம் நிற்கிறது.

கெண்ட்லர் விஷயத்திலும் இதேதான். என்னென்ன உருவம் செய்தேன் என்று மாதாமாதம் வேலை அறிக்கை எழுதினார். வேலை நேரத்துக்கு வெளியே செய்தவற்றுக்குத் தனியாகக் கூலிப் பட்டியல் வைத்திருந்தார். நாய் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கழுத்தில் என்ன கட்டியிருக்கிறது என்பது வரை விவரம். கூலிக்காக எழுதிய அந்தக் குறிப்புகள்தான், இன்று ஒரு பொம்மை அவர் செய்த உருவமா, எந்த ஆண்டு உருவானது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண முதல் ஆதாரம்.

சரி, பொம்மையை எப்படி அடையாளம் காண்பது?

இங்கே ஒரு முக்கியமான விஷயம்: உருவம் கெண்ட்லருடையது என்பதும், பொம்மை கெண்ட்லர் காலத்தது என்பதும் ஒன்றல்ல. மைசன் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. அவர் உருவங்களை இன்றும் அச்சில் எடுக்கிறது. ஒரே நாய்க்குட்டி 1745-லும் வந்திருக்கும், 1880-லும் வந்திருக்கும், போன வருடமும் வந்திருக்கும். விலை வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும். அதனால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

*குறுக்கு வாள் முத்திரை:* சாக்சனி அரச சின்னத்தில் இருந்து வந்தது. 1720-களில் இருந்து மைசன் பயன்படுத்துகிறது. உண்மையானது மெருகுக்கு அடியில், கோபால்ட் நீலத்தில், கையால் வரைந்தது. விரலால் தடவினால் மேடு தட்டாது. 1763 முதல் 1774 வரை வாள்களுக்கு இடையே ஒரு புள்ளியும், அதற்குப் பிறகு 1814 வரை ஒரு நட்சத்திரமும் இருக்கும். ஆனால் 1924 முதல் 1934 வரையிலும் புள்ளி வைத்தார்கள், குழப்பிக்கொள்ளக் கூடாது. முத்திரையின் குறுக்கே கீறல் இருந்தால், அது முதல் தரம் இல்லை என்று தொழிற்சாலையே ஒதுக்கியது அல்லது வண்ணம் பூசாமல் விற்றது என்று அர்த்தம்.

*முத்திரையை மட்டும் நம்பலாமா?* கூடவே கூடாது. உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட முத்திரைகளில் இதுவும் ஒன்று. 1845-ல் தொடங்கிய பாரிஸின் சாம்சன் நிறுவனம், மைசன் பொம்மைகளையும் முத்திரையையும் ஒத்ததாகவே ஏராளமாகச் செய்தது. கிரீடத்தோடு 'டிரெஸ்டன்' என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நகரின் வண்ணப் பட்டறைகளில் இருந்து வந்தது.

*அளவு:* தயாரான பொம்மையில் இருந்தே அச்சு எடுத்து நகல் செய்தால், சூளையில் அது மறுபடி சுருங்கும். அதனால் நகல் அசலைவிடச் சிறியதாக இருக்கும். மியூசியங்களின் இணையதளத்தில் அசலின் உயரம் இருக்கும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். முத்திரையைப் போலிபோட்டவர்கள்கூட இந்தச் சுருக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

*அடிப்பாகம்:* 18-ம் நூற்றாண்டு மைசன் பொம்மைகளின் அடி பெரும்பாலும் மெருகு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். முத்திரை சின்னதாக, மங்கலாக, பின்பக்க ஓரத்தில்கூட இருக்கலாம். அடியில் கீறிய மாடல் எண் இருந்தால், பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிறகான தயாரிப்பு.

*நாட்டின் பெயர்:* அமெரிக்கா 1890-ல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்தால்தான் ஏற்றுமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் போடும் வழக்கம் பரவியது. 'ஜெர்மனி', 'ஜப்பான்' என்று எழுதியிருந்தால் அதற்கு முந்தையது என்று சொல்ல முடியாது. 'மேட் இன்' என்று சேர்ந்தே இருந்தால் 20-ம் நூற்றாண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். நம்மூர் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான பழைய பீங்கான் விலங்குகள் இந்த வகைதான்.

விலையை எது தீர்மானிக்கிறது?

காலம், உருவத்தின் அரிது, வண்ண வேலையின் நேர்த்தி, நிலைமை. இந்த நாலும்தான். காது நுனி, வால், கொம்பு ஆகியவை முதலில் உடையும் இடங்கள். ஒட்டுப்போட்டு வண்ணம் பூசியிருந்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. புற ஊதா விளக்கில் அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் மின்னும். வீட்டில் உடைந்தால் சூப்பர் குளூ போட்டு ஒட்டாதீர்கள், துண்டுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தங்க வண்ணம் உள்ள இடத்தைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்ப்பது, விலையைத் தேய்ப்பதற்குச் சமம்.

ஆன்லைனில் ஒருவர் கேட்கும் விலை மதிப்பு ஆகாது. ஏலத்தில் உண்மையில் விற்ற விலைதான் மதிப்பு. அசலை நேரில் பார்த்துக் கண் பழக வேண்டும் என்றால் ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தின் ஐரோப்பியப் பீங்கான் பகுதிக்குப் போகலாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை கொண்ட கலைப்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு ஏல நிறுவனத்துக்கு அனுப்பி விற்றுவிடலாம் என்ற நினைப்பில் கூரியர் பதிவு செய்யும் முன், இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

எந்தச் சோதனையிலும் தேறாத நாய்க்குட்டி என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். காதைச் சொறியும்போது அதன் முதுகு சரியாக வளைந்திருந்தால், எங்கேயோ எப்போதோ யாரோ ஒருவர் நிஜ நாயை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அந்தப் பழக்கத்தைப் பீங்கான் தொழிலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கெண்ட்லர். அது யார் கொடுத்தது, எந்த ஆண்டு வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அதே பெட்டியில் போட்டு வையுங்கள். பொருள் எந்தக் கைகள் வழியாக வந்தது என்ற எழுத்து, நாளைக்கு மதிப்பிடுபவர் முதலில் கேட்கும் ஆதாரம்.